பேராயர் பட்டியலில் இடம்பெறாத உபதேசியார்: நிக்கோபார்த் திருச்சபைத் தலைமையின் வரலாறு

ஒரு திருமண்டலத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் தேடுவது பேராயர்களின் பட்டியலை. யார், எந்த ஆண்டில் பொறுப்பேற்றார், அவருக்குப் பின் யார் என்ற வரிசை கிடைத்துவிட்டால் வரலாற்றின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டதாகக் கொள்வது வழக்கம். ஆங்கிலிக்கன் மரபில் இவ்வழக்கத்திற்கு இறையியல் அடிப்படையும் உண்டு. அப்போஸ்தலர் காலம் தொட்டுக் கைவைப்பின் வழியே அறுபடாது வருவதே பேராயர் பதவி என்பது அத்திருச்சபையின் நம்பிக்கை. ஆகவே அங்கே பெயர் வரிசைக்கு நிர்வாகக் குறிப்பைவிட மேலான மதிப்பு இருக்கிறது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைப் பொறுத்தவரை அவ்வரிசை ஜான் ரிச்சர்ட்சனிடமிருந்து தொடங்குகிறது. கார் நிக்கோபார்த் தீவின் மூஸ் கிராமத்தைச் சேர்ந்த நிக்கோபாரியர் அவர். 1950இல் கல்கத்தாவின் உதவிப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1966இல் தீவுகளுக்கெனத் தனித் திருமண்டலம் உருவானபோது அதன் முதற்பேராயரானார். பட்டியலில் பிழை ஏதுமில்லை. ஆனால் அத்தீவில் திருச்சபைத் தலைமை எவ்வாறு உருவாயிற்று என்று கேட்டால், 1950 என்பது கதையின் பிற்பகுதி. முற்பகுதியில் நிற்பவர்களுள் முதன்மையானவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார். பேராயர் பட்டியல் எதிலும் அவர் பெயர் இடம்பெற இயலாது. அவரிலிருந்து ரிச்சர்ட்சன் வரை நீளும் சங்கிலியை மொழி வரலாற்றின் கண்கொண்டு பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1. கல்கத்தா, ரங்கூன், மீண்டும் கல்கத்தா

முதலில் அதிகார எல்லைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கல்கத்தா திருமண்டலம் 1814இல் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பரப்பு முழுவதும் அதன் எல்லைக்குள் அடங்கியிருந்தது. 1858இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது, அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகள், படைவீரர்கள் ஆகியோரின் வழிபாட்டுத் தேவைக்காக அரசு ஊதியம் பெறும் குருமார் அமர்த்தப்பட்டனர். ராஸ் தீவில் எழுந்த தேவாலயம் அவர்களுக்கானது. அக்குருமாருள் ஒருவரான ஹென்றி கார்பின் 1863இல் பழங்குடி அந்தமானியருக்காக ‘அந்தமான் இல்லம்’ ஒன்றை அத்தீவிலேயே ஏற்படுத்தினார். அதைச் சமயப்பணி என்பதைவிட, தீவின் மக்களைப் பழக்கி வசப்படுத்தும் அரசுத் திட்டத்தின் ஒரு பகுதி என்பதே பொருந்தும். அங்கிருந்து ஒரு பழங்குடித் திருச்சபையோ, ஒரு பழங்குடித் தலைவரோ எழவில்லை.

1877இல் ரங்கூன் திருமண்டலம் கல்கத்தாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் அதனுடன் இணைக்கப்பட்டன. அரசியல் நிர்வாகத்தில் தீவுகள் இந்திய அரசின் கீழும், திருச்சபை நிர்வாகத்தில் பர்மாவின் கீழும் இருந்தன என்பதை ஆய்வு மாணவர்கள் மறக்கலாகாது. நிக்கோபார்ச் சிறுவர் மேற்படிப்புக்குப் பர்மா சென்றதும், நிக்கோபாரிய மொழி பற்றிய நூல் ரங்கூனில் அச்சேறியதும் இதனாலேயே. 1948 ஜனவரியில் பர்மா விடுதலை பெற்றதோடு இவ்வமைப்பு பொருளிழந்தது. தீவுகள் மீண்டும் கல்கத்தாவின் பொறுப்பில் வந்தன.

ஆக, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இத்தீவுகளின் பேராயர் என்பவர் கடலுக்கு அப்பால் இருந்தார். கப்பல் வாய்த்தபோது வருவார், திடப்படுத்தல் சடங்கை நிறைவேற்றுவார், திரும்பிச் செல்வார். பேராயர் வரிசையை மட்டும் பின்பற்றும் வரலாறு இக்காலத்தை வெற்றிடமாகக் காட்டும். ஆனால் நிக்கோபார்த் திருச்சபை உருவானது இந்த வெற்றிடத்தில்தான்.

2. தரங்கம்பாடியிலிருந்து சென்ற முதல் முயற்சி

சாலமோனுக்கு முன்பே தமிழகக் கடற்கரைக்கும் நிக்கோபாருக்கும் சமயத் தொடர்பு இருந்தது. 1750களின் நடுவில் டேனியர் நிக்கோபார்த் தீவுகளைத் தம் உடைமை என அறிவித்து, தரங்கம்பாடியிலிருந்து நிர்வகிக்க முயன்றனர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொராவிய சகோதரர்கள், 1768இல் நான்கவ்ரித் தீவில் குடியேறினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே உழைத்துப் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். 1780களின் இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அவர்களுள் ஒருவரான ஹென்சல் எழுதிய கடிதங்கள் 1812இல் ஆங்கிலத்தில் நூலாக வந்துள்ளன. அத்தனை உயிர்களைக் கொடுத்தும் அங்கே ஒரு சபை உருவாகவில்லை.

தோல்விக்குக் காய்ச்சலைக் காரணமாகச் சொல்வது எளிது. மொழியும் சமமான காரணம் என்பது என் கருத்து. நிக்கோபாரிய மொழிகள் ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மோன், கெமர், காசி, முண்டாரி ஆகியவை அவற்றின் உறவுகள். அவை ஒரே மொழியின் வட்டார வழக்குகள் அல்ல. கார் நிக்கோபாரிலும், நான்கவ்ரி சார்ந்த நடுத்தீவுகளிலும், தெற்கிலும் பேசப்படுபவை ஒன்றுக்கொன்று எளிதில் விளங்காதவை. கடல்வணிகர்களுடன் பேசத் தீவினர் போர்ச்சுகீசியம், மலாய், ஆங்கிலம் முதலியவற்றின் சொற்களைக் கலந்து கையாண்டனர். தேங்காய் விற்க அது போதும். சமயம் போதிக்கப் போதாது. வெளியிலிருந்து வருபவர் அந்த வணிக மொழியைக் கடந்து உள்மொழிக்குள் நுழையாதவரை தீவின் வாசலிலேயே நிற்க நேர்ந்தது.

இதனுடன் இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கவ்ரி வழக்குக்கு அகராதி தொகுத்த டேனிய அதிகாரி தெ ரோப்ஸ்டோர்ப், இறந்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்ற விலக்கு அம்மக்களிடையே கடுமையாக இருந்ததைக் குறித்திருக்கிறார். மறைந்தவரின் பெயர் ஒரு பொதுச்சொல்லாகவும் இருந்துவிட்டால் அச்சொல்லும் கைவிடப்பட்டு, அதனிடத்தில் வேறொரு சொல் வழங்கும். சொற்களஞ்சியம் தலைமுறைதோறும் மாறும். முன்னோர் பெயரால் அடுக்கப்படும் வரலாற்றுக் கதையாடலுக்கும் இடம் குறையும். பிரேசர் தம் புகழ்பெற்ற நூலில் இக்குறிப்பை எடுத்தாண்ட பின்னர் இது மானிடவியலாளரிடையே பரவலாக அறியப்பட்டது. இறந்தோரின் பெயர் வரிசையையே தன் ஆதாரமாகக் கொள்ளும் ஒரு திருச்சபை, இறந்தோரின் பெயரை மொழியிலிருந்தே நீக்கும் மரபுடைய தீவுக்கூட்டத்திற்கு வந்து சேர்ந்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

3. அரசு முகவராகிய உபதேசியார்

1869இல் ஆங்கிலேயர் நிக்கோபாரை உடைமையாக்கிக் கமோர்ட்டாவில் ஒரு தண்டனைக் குடியேற்றத்தை அமைத்தனர். 1888இல் அதை மூடிவிட்டனர். அதன்பின் தீவுகளில் அரசின் இருப்பு என்பது பெரும்பாலும் ஓரிரு முகவர்களே. அத்தகைய முகவராக 1890களின் நடுப்பகுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்திற்கு அனுப்பப்பட்டவர் வேதப்பன் சாலமோன். அதற்குமுன் போர்ட் பிளேயரில் உபதேசியாராகப் பணியாற்றியவர். நிக்கோபார்ச் சிறுவர்களுடன் அங்கேயே பழகியவர். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாதவர். திருவிருந்து வழங்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. திருச்சபையின் படிநிலையில் கீழ்ப்படிகளுள் ஒன்று அது. திருநெல்வேலி, தஞ்சைச் சபைகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியும்: மிஷனரியின் பெயரால் அறியப்படும் பல ஊர்ச் சபைகளை நாளும் நடத்தியவர் உபதேசியாரே.

சாலமோனின் நிலை இன்னும் சிக்கலானது. கப்பல்களையும் வணிகர்களையும் கண்காணிப்பது, தீவில் நடப்பனவற்றை நாட்குறிப்பாக எழுதிப் போர்ட் பிளேயருக்கு அனுப்புவது ஆகியவை அவருடைய அரசுக் கடமைகள். பள்ளி நடத்துவதும் வேதம் போதிப்பதும் சபைக் கடமைகள். ஒரே மனிதர் இரண்டு எசமானர்களுக்குப் பணி செய்தார். அவர் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகளை அன்றைய தலைமை ஆணையர் ரிச்சர்ட் டெம்பிள் தம் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் பயன்படுத்தியிருக்கிறார். தீய ஆவி பற்றியவர் எனக் கருதப்பட்டோர் ஊராரால் கொல்லப்பட்டது, ஆவிகளை விரட்டும் சடங்குகள், விருந்துகள் எனக் கார் நிக்கோபார் பற்றி மானிடவியலாளர் பின்னாளில் அறிந்தவற்றுள் ஒரு பகுதி இந்தத் தமிழரின் கண்வழியே வந்தது.

இக்குறிப்புகளை இருவகையில் படிக்கலாம். ஆட்சியின் ஒற்றர் ஒருவர் தீவினரின் வாழ்வை அரசுக்கு எழுதி அனுப்பினார் என்பது ஒன்று. அதை மறுக்க முடியாது. தம் சமயமே உயர்ந்தது என்ற உறுதியோடு பிறர் சடங்குகளைப் பார்த்தவர் என்பதையும் மறுக்க முடியாது. மற்றொரு வாசிப்பும் உண்டு. அதிகாரி சில நாள் தங்கித் திரும்பியபோது, அவர் ஆண்டுக்கணக்காகக் குடும்பத்துடன் அங்கே வாழ்ந்தார். வாழ்ந்தவருக்கே மொழி வசப்படும். வினையை வாக்கியத்தின் இறுதியில் வைக்கும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர், பயனிலையை முதலில் வைக்கும் ஒரு மொழிக்குள் புகுந்து, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அளவு அதைக் கையாளவேண்டியிருந்தது. அக்காலத்தில் அவருக்கு உதவக் கார் நிக்கோபாரிய மொழிக்கு அச்சிட்ட இலக்கணமோ முழுமையான அகராதியோ இல்லை.

சாலமோன் திரட்டிய சபை சிறியது. அவர் காலத்தில் தீவின் பெரும்பான்மை மக்கள் தம் பழைய வழியிலேயே இருந்தனர். எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் அவர் பணி அளவில் குறைந்ததே. ஆனால் அவர் பள்ளியிலிருந்து பர்மாவுக்கு அனுப்பப்பட்ட மாணவர்களுள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன்.

4. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், குரு

ரிச்சர்ட்சன் பர்மாவில் எஸ்.பி.ஜி. எனப்படும் சுவிசேஷம் பரப்பும் சங்கத்தின் பள்ளியில் பயின்றார். 1910களின் தொடக்கத்தில் ஊர் திரும்பி மூஸ் பள்ளியில் ஆசிரியரானார். உபதேசியார் பணியும் அவரிடம் வந்தது. குருப்பட்டம் பெற்றதோ 1930களில். இடைப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அவர் திருச்சபையின் சட்டப்படி குருவுமல்லர், பேராயருமல்லர். ஆயினும் தீவின் சபையை நடத்தியவர் அவரே. இத்தலைமைக்கு அடிப்படையாக இருந்தவை பள்ளியும் மொழிபெயர்ப்பும்.

இங்கே ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற மிஷனரியையும் குறிப்பிடவேண்டும். கார் நிக்கோபாரில் தங்கிப் பணியாற்றிய அவர், தம் அனுபவங்களை 1924இல் நூலாக எழுதினார். அவருடைய கார் நிக்கோபாரிய அகராதி 1925இல் ரங்கூனில் வெளிவந்தது. உரோமன் எழுத்துகளுடன் மேற்குறிகளைச் சேர்த்து, அம்மொழியின் மிகுதியான உயிரொலிகளைக் காட்ட அவர் முயன்றிருக்கிறார். அகராதியின் முகப்பில் ஒருவர் பெயரே இருக்கும். ஆனால் அகராதி தொகுத்த அனுபவமுள்ளோர் அறிவர்: சொல்லைச் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். மூஸில் சொல்பவர்களாக இருந்தவர்கள் ரிச்சர்ட்சனும் அவருடைய தலைமுறையினருமே.

பின்னர் சொல்பவரே எழுதுபவரானார். வேதாகமத்தையும் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தையும் தம் தாய்மொழியில் தரும் பணியை ரிச்சர்ட்சன் தொடர்ந்து மேற்கொண்டார். கார் நிக்கோபாரியப் புதிய ஏற்பாடு 1950இல் வெளிவந்தது. முழு வேதாகமம் 1969இல் வந்தது. அம்மொழியில் இதற்கு இணையான அளவுள்ள உரைநடை நூல் அதற்கு முன் இருந்ததில்லை. தமிழில் வேதாகம மொழிபெயர்ப்பு நிகழ்ந்தபோது ஈராயிரம் ஆண்டு இலக்கிய மரபொன்று முன்னே நின்றது. எந்த நடையைத் தெரிவது என்பதே சீகன்பால்கு முதலியோரின் சிக்கல். நிக்கோபாரியத்தில் எழுத்து நடையே மொழிபெயர்ப்பினூடே பிறக்கவேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பின் கடினத்தை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நிக்கோபாரில் பன்றி என்பது செல்வம், விருந்தின் மையம், மறைந்தோருக்குச் செய்யும் பெருவிழாவின் உயிர். சுவிசேஷத்திலோ, மனந்திரும்பிய இளையகுமாரன் பன்றி மேய்க்கும் நிலைக்குத் தாழ்கிறான். அசுத்த ஆவிகள் பன்றிக் கூட்டத்தில் புகுந்து கடலில் விழுகின்றன. யூத மரபில் இழிவுக்குரிய விலங்கு, தீவில் மதிப்புக்குரியது. மேய்ப்பனும் ஆட்டு மந்தையும் தீவினர் அறியாத காட்சி. இக்கதைகளைக் கேட்கும் நிக்கோபார் மூதாட்டி எதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை வெளியூர் மிஷனரி ஊகிக்கத்தான் முடியும். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர் அறிவார். இந்த அறிவே ரிச்சர்ட்சனின் தலைமைக்கு முதல். கிறிஸ்தவம் பரவிய பின்னரும் கார் நிக்கோபாரில் பன்றி விருந்து மரபு அழிந்துவிடவில்லை என்பதை இத்துடன் சேர்த்து நோக்கவேண்டும்.

5. பேராயரற்ற மூன்றாண்டுகள்

அத்தலைமையின் தன்மை போரில் வெளிப்பட்டது. 1942 மார்ச்சில் ரங்கூனும் போர்ட் பிளேயரும் அடுத்தடுத்து ஜப்பானியர் வசமாயின. அவ்வாண்டிலேயே கார் நிக்கோபாரும் ஆக்கிரமிக்கப்பட்டது. திருமண்டலத் தலைமையுடன் தீவுக்கிருந்த தொடர்பு அறுந்தது. விமானத்தளம் அமைக்கவும் பிற பணிகளுக்கும் நிக்கோபாரியர் வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்பட்டனர். போரின் கடைசி மாதங்களில், நேச நாடுகளுக்கு உளவு சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டின்மீது தீவினர் பலர் பிடிக்கப்பட்டு, சித்திரவதைக்குள்ளாகிக் கொல்லப்பட்டனர். ஆங்கிலம் அறிந்தவர், பள்ளியில் படித்தவர், சபையோடு தொடர்புடையவர் ஆகியோர்மீதே ஐயம் முதலில் விழுந்தது. ரிச்சர்ட்சன் தம் குடும்பத்திலேயே உயிரிழப்பைச் சந்தித்தார். அவரும் சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர். கார் நிக்கோபார்க் கொடுமைகள் குறித்து 1946இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது.

போருக்குப் பின் கார் நிக்கோபாரின் பெரும்பான்மை மக்கள் கிறிஸ்தவத்தைத் தழுவினர். அரை நூற்றாண்டுப் போதனையால் நிகழாதது சில ஆண்டுகளில் ஏன் நிகழ்ந்தது? ஒற்றைக் காரணம் சொல்வது வரலாற்றாசிரியருக்கு அழகன்று. எனினும் இரண்டைச் சுட்டலாம். ஆங்கிலேய அதிகாரிகள் விலகிச் சென்ற காலத்தில் உடனிருந்து துன்புற்றது உள்ளூர்ச் சபை. போர் முடிந்தபின் சிதைந்த ஊர்களைக் கட்டியெழுப்பும் பொறுப்பை ஏற்கத் தகுந்த, வெளியுலகுடன் பேசவல்ல தலைவராக எஞ்சியிருந்தவர் ரிச்சர்ட்சன். அவர் சமயத் தலைவராகவும் சமூகத் தலைவராகவும் ஒருங்கே நின்றார். ஊர்க் ‘கேப்டன்’ என்ற பதவி கப்பல் வணிகக் காலத்தில் வேரூன்றியது. ‘துஹெத்’ என்ற கூட்டுக்குடும்ப அமைப்போ அதனினும் பழையது. இவ்விரண்டையும் சபை அகற்றவில்லை, அவற்றினூடேயே பரவியது.

இதிலிருந்து பெறப்படுவது இதுவே. 1942 முதல் 1945 வரை நிக்கோபார்த் திருச்சபைக்குச் செயலளவில் பேராயர் இல்லை. ஆனால் தலைமை இருந்தது. 1950இல் கல்கத்தாவில் நிகழ்ந்த அபிஷேகம் ஒரு தலைவரை உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த தலைமையைத் திருச்சபைச் சட்டம் காலந்தாழ்த்தி ஏற்றுக்கொண்டது.

6. அசரியாவும் ரிச்சர்ட்சனும்

இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வே. சா. அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ரிச்சர்ட்சன் பேராயரானது 38 ஆண்டுகள் கழித்து. இருவரையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். அசரியா தமிழர், தெலுங்கு மக்களிடையே பணிசெய்யச் சென்று, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களுக்குப் பேராயரானவர். அவரும் ஒருவகையில் வந்தேறிய மிஷனரியே. ரிச்சர்ட்சனோ தாம் பிறந்த தீவில், தம் உறவினரிடையே, தம் தாய்மொழியில் பேராயராக இருந்தவர். அந்த இடைவெளியில் சாலமோனை வைத்துப் பாருங்கள். மொழி கற்றுப் பிறரிடம் சென்ற தமிழர் என்ற வகையில் அவர் அசரியாவுக்கு இணையானவர். ஆனால் சாலமோனுக்கு முடி சூட்டப்படவில்லை. அவருடைய மாணவர் தலைமுறைக்கே சூட்டப்பட்டது. திருச்சபைத் தன்னாட்சி பற்றிய விவாதங்களில் அசரியாவின் பெயர் அடிக்கடி எழுகிறது. மூஸ் கிராமத்துப் பள்ளி எழுவதில்லை.

விடுதலை இந்தியாவும் ரிச்சர்ட்சனைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. அந்தமான் நிக்கோபாருக்கு அப்போது நேரடித் தேர்தல் கிடையாது. 1952இல் முதல் மக்களவைக்குக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட உறுப்பினர் ரிச்சர்ட்சனே. தீவினர் தம் உறுப்பினரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்க 1967 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1965இல் பத்மஸ்ரீயும் 1975இல் பத்மபூஷணும் அவருக்கு வழங்கப்பட்டன. 1956இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியார் நிக்கோபாருக்குள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாக வெளியூர்க் குருமாரை நம்பி அங்கே ஒரு சபையை நடத்துவது இயலாததாயிற்று. உள்ளூர்க் குருமார் என்பது விருப்பமாக இருந்த நிலைமாறித் தேவையாகவும் ஆயிற்று.

1970 நவம்பர் 29இல் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை உருவானபோது அந்தமான் நிக்கோபார்த் திருமண்டலமும் அதில் இணைந்தது. ஆங்கிலிக்கன் என்ற பெயர் அத்துடன் மறைந்தது. பேராயர் ஆட்சிமுறை தொடர்ந்தது. ரிச்சர்ட்சன் 1978 ஜூனில் மறைந்தார்.

7. எழுத்து கொடுத்ததும் எடுத்ததும்

இவ்வரலாற்றைப் புகழுரையாக முடித்துவிடுவது எளிது. ஆனால் மொழியியல் மாணவர் கேட்கவேண்டிய வேறு கேள்விகளும் உள்ளன. வேதாகமம் முழுமையாக அச்சேறியது கார் நிக்கோபாரியத்தில். அதனால் அவ்வழக்குக்கு எழுத்துமொழி என்ற தகுதி வந்தது. சௌரா, தெரசா, நான்கவ்ரி, பெரிய நிக்கோபார்க் கடற்கரை ஆகியவற்றின் மொழிகளுக்கு அத்தகுதி அதே அளவில் வாய்க்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நிக்கோபாரியர் மொத்தமே சுமார் 27 ஆயிரம் பேர். அத்தனை சிறிய சமூகத்துக்குள்ளும் திருச்சபைத் தலைமை எந்தத் தீவில் வேர்கொண்டதோ அத்தீவின் மொழி உயர்ந்தது. தலைமையின் வரலாறு மொழிப் படிநிலையின் வரலாறாகவும் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி நினைவைப் பற்றியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களைத் துடைத்தெறிந்தது. தேவாலயங்களும் பள்ளிகளும் வீடுகளும் அழிந்தன. ஈரப்பதம் மிகுந்த தீவில் காகிதங்கள் ஏற்கெனவே நெடுநாள் வாழ்வதில்லை. ஆகவே நிக்கோபார்த் திருச்சபை வரலாற்றை எழுத விரும்புவோர் பெரும்பாலும் கல்கத்தா, ரங்கூன், இலண்டன் ஆவணங்களையே நாடவேண்டியுள்ளது. அந்த ஆவணங்கள் பேராயர்களின் கண்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றை மட்டும் நம்பினால் உபதேசியார்கள், பள்ளி ஆசிரியர்கள், அகராதிக்குச் சொல் கொடுத்தவர்கள், அவர்தம் மனைவியர் ஆகியோர் மீண்டும் மறைந்துபோவர்.

தமிழ்நாட்டிலிருந்து இத்துறைக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஷன் வரலாறு என்றாலே ஐரோப்பியர் தமிழகத்திற்கு வந்த கதையாகவே நாம் பயின்றிருக்கிறோம். தமிழ் உபதேசியார்கள் கடல் கடந்து சென்ற கதை தனியே எழுதப்படவேண்டியது. அதை எழுதும்போது அவர்களை வீரர்களாக உயர்த்தவும் வேண்டாம். ஆட்சியின் கருவிகள் என்று ஒதுக்கவும் வேண்டாம். ஆட்சிக்கும் ஊருக்கும் இடையே, இரண்டின் மொழியையும் பேசிக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். சாலமோனின் நாட்குறிப்பைக் கணக்கெடுப்பு அறிக்கையின் பிற்சேர்க்கையாகப் படிப்பதை விடுத்து, ஒரு தமிழர் எழுதிய தனி நூலாகப் படிக்கத் தொடங்கலாம்.

இன்று கார் நிக்கோபாரின் மருத்துவமனைக்குப் பேராயர் ஜான் ரிச்சர்ட்சனின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மறைந்தவரின் பெயரைச் சொல்லலாகாது என்ற மரபு நிலவிய ஒரு தீவுக்கூட்டத்தில், நோயுற்றோர் நாள்தோறும் ஒரு மறைந்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே அங்கே செல்கின்றனர். அவருக்கு எழுத்தறிவித்தவரின் பெயரையும் வரலாற்று மாணவர்கள் சொல்லப் பழகவேண்டும்.